பிடியரிசிக் கோயில்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் உழவாரப் பணிக்குப் போவது வழக்கம். காரைக்குடியில் விடியற்காலை வேன் ஏறினால், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் ஏதாவதொரு கண்மாய்க் கரையில், கருவேல முள்ளுக்குள் ஒரு சிவன் கோயில் கிடக்கும். நகரத்தாரின் ஒன்பது கோயில்களுக்கு எங்கள் கை தேவையில்லை. இளையாத்தங்குடியிலும் வைரவன்பட்டியிலும் பிள்ளையார்பட்டியிலும் தூசி தங்க விடமாட்டார்கள். எங்களுக்கு வாய்ப்பவை விளக்குக்கு எண்ணெய் இல்லாத கோயில்கள். முள் வெட்டுவோம், பிரகாரத்து மண்ணை அள்ளிக் கொட்டுவோம், எண்ணெய்ப் பிசுக்கேறிய கல்லைத் தேய்த்துக் கழுவுவோம், கோலம் போட்டு விளக்கேற்றித் தேவாரம் பாடிவிட்டு, கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டுத் திரும்புவோம். அப்பர் பெருமான் உழவாரப் படையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். அவர் நடந்த வழியில் நாலடி நாமும் நடந்தால் போதும் என்ற எண்ணம்தான்.

குழுவில் எல்லாரும் உண்டு. பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர், எலக்ட்ரீஷியன் தம்பி, பூக்கட்டும் அக்கா, அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற நான். சின்ன வயதில் குன்றக்குடி அடிகளார் பேசக் கேட்டு வளர்ந்தவள் நான். மடம் என்பது ஊரில் வேலையில்லாதவனுக்கு வேலையும் வயலுக்குத் தண்ணீரும் கிடைக்க வழி செய்ய வேண்டிய இடம் என்று அவர் சொன்னார், சொன்னபடி செய்தும் காட்டினார். பக்தி பிழைப்புக்கு உதவ வேண்டும் என்ற அந்தப் பாடம் எனக்குள் இன்றும் இருக்கிறது. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு.

2016-ல் குன்றக்குடிக்கு வந்திருந்த ரங்கூன் தமிழர் ஒருவர் எங்கள் குழுவின் பேங்க் அண்ணனைச் சந்தித்தார். யாங்கோன் என்று இப்போது எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் இன்றும் ரங்கூன்தான். பெகுவுக்கு அப்பால், சித்தாங் ஆற்றுக்கு இந்தப் பக்கம், தமிழர்கள் வாழும் கிராமம் ஒன்றில் நம்மவர்களான நகரத்தார் செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, விமானத்தில் அரசங்கன்று வேர் விட்டிருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். அடுத்த வருடம் தைப்பூசத்தை ஒட்டிப் போவதென்று முடிவாயிற்று. அந்த ஊர்ப் பெயரை எழுதாமல் விடுகிறேன். 2021-க்குப் பிறகு அங்கே நிலைமை மாறிவிட்டது. பெயர் அச்சில் வருவதால் அவர்களுக்கு நல்லது எதுவும் நடக்கப் போவதில்லை.

பர்மா என்றால் செட்டிநாட்டில் வளர்ந்த யாருக்கும் முன்பின் தெரியாத தேசம் அல்ல. எங்கள் வீட்டு முகப்பில் நிற்கிற தூண்கள் பர்மாத் தேக்கு. விசேஷத்துக்குச் செய்கிற கவுனி அரிசி பர்மாவில் இருந்து வந்தது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் பர்மா அரக்குப் பெட்டிகளை இன்றும் பார்க்கலாம். காரைக்குடியிலேயே பர்மா காலனி என்று ஒரு பகுதி இருக்கிறது. என் அப்பச்சி பதினான்கு வயதில், பெகுவில் இருந்த ஒரு கடைக்குப் பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறியவர். கொண்டுவிக்கப் போவது என்பார்கள் அந்தக் காலத்தில். பெட்டியடியாகப் போனவன் அடுத்தாளாகி, அடுத்தாள் ஏஜெண்டாகி, மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்பிக் கல்யாணம் செய்துகொள்வான். அப்பச்சிக்கு அந்தக் கணக்கு முடியவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டன. கடையைப் பூட்டிவிட்டு மேலாளோடு புரோமுக்குப் போய், அரக்கான் மலையைக் கடந்து, டாங்கப் கடற்கரையில் படகு பிடித்து, அக்கியாப் வழியாகச் சிட்டகாங் வந்து சேர்ந்தார். அந்த நடையில் லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பல ஆயிரம். அப்பச்சி அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பெகுவை விட்டுக் கிளம்பிய மறுநாள், ஒரு தமிழ்க் கிராமத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளை இவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டு, வழிக்கும் கட்டிக் கொடுத்தாள் என்பதை மட்டும் பலமுறை சொல்லியிருக்கிறார். நாங்கள் போன ஊர் அதுவாக இருக்க வழியில்லை. அது ரங்கூன் சாலைப் பக்கம். ஆனாலும் என் மனசில் அந்தச் சோறு இருந்தது.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரங்கூனில் இறங்கி, ஒரு காலத்தில் நம்மவர் தொழில் நடத்திய கிட்டங்கிகள் வரிசையாக இருந்த மொகல் தெருவை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, வாடகை வண்டியில் பெகு போனோம். அதற்கப்புறம் வயல், வயல், வயல். அறுவடை முடிந்து தாள் காய்ந்து கிடந்தது. கிராமத்தில் நூறு வீடு இருக்கலாம். மூங்கில் தட்டியும் தகரக் கூரையும். ஆண்கள் கைலி, பெண்கள் கன்னத்தில் தனக்காச் சாந்து. எதிரே வந்த பாட்டி எங்களைப் பார்த்து, "வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க" என்றாள். தென்னாற்காட்டுப் பேச்சு, நூறு வருடத்துக்கு முந்தைய பேச்சு. எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் திகைத்துப் போனார்கள்.

கோயில் சிறியது. கருவறையும் அதன்மேல் விமானமும் செங்கல், சுண்ணாம்பு. முன்மண்டபம் தேக்குத் தூண்கள் மேல் தகரம். உள்ளே ஆண்டவர், பக்கத்தில் ஒரு வேல். நம்மவர்கள் எந்த ஊருக்குத் தொழிலுக்குப் போனாலும் முதலில் ஒரு வேலை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார்கள். பிறகு கோயில் வரும். கொடுக்கல் வாங்கலில் மகமை என்று ஒரு சிறு தொகையை முருகன் பேருக்கு ஒதுக்குவார்கள். பூசையும் திருவிழாவும் அதில் நடக்கும். ரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடித்தான் நடப்பு வட்டியையே நிர்ணயித்தார்கள். தொழிலும் தெய்வமும் ஒரே கூரைக்கு அடியில் இருந்தன.

அந்தத் தொழில் 1964-ல் அடியோடு முடிந்தது. ஏற்கெனவே 1948-ல் வந்த சட்டம் நிலங்களை அரசுக்கு எடுத்துக்கொண்டது. நெவினின் ராணுவ ஆட்சியில் கடைகளும் அரசுடைமையாயின, ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. மிச்சமிருந்த நம்மவர்கள் கப்பலேறினார்கள். மகமை நின்றது. அப்படியானால் இந்தக் கோயிலில் ஐம்பது வருடத்துக்கு மேலாக விளக்கு எரிவது எப்படி?

விடையை முதல் நாள் சாயங்காலமே ஒரு வீட்டு அடுப்படியில் பார்த்தேன். அந்த வீட்டு மருமகள் உலை வைத்துக்கொண்டிருந்தாள். பர்மாவில் அரிசியைக் கட்டிப்பால் டப்பாவால்தான் அளப்பார்கள். அதுதான் அவர்களுக்குப் படி. டப்பாவால் அளந்து பானையில் போட்டவள், களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி, சுவரில் தொங்கிய இன்னொரு டப்பாவில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். சாமியை நினைத்துக் கண்ணை மூடவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. "அது என்னம்மா?" என்றேன். "கோயில் அரிசி" என்றாள். ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு டப்பா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி எல்லா டப்பாவும் மண்டபத்தில் கொட்டப்படும். வேண்டிய அளவு பொங்கலுக்கு வைத்துக்கொண்டு மீதியை விற்று எண்ணெய், கற்பூரம், திரி, தகரத்துக்கு ஆணி வாங்குகிறார்கள். பூசை செய்பவர் வயல் வேலை பார்க்கிறவர். அவருடைய தகப்பனார் வாயால் சொன்னதைக் காதால் கேட்டுப் படித்தவர். 2008-ல் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவில் லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களை வாங்கியபோது, இந்த ஊருக்குப் பெரிய சேதமில்லை. அந்த மாதத்து அரிசியைக் கோயிலில் சமைக்காமல் அப்படியே மூட்டை கட்டி டெல்டாவுக்கு அனுப்பினார்களாம். போய்வந்த லாரி டிரைவர் அதைச் சொன்னார். ஊர்க்காரர்கள் தாங்களாகச் சொல்லவில்லை.

நாங்கள் தொண்டு செய்யப் போனவர்கள். தொண்டு என்ன என்பதை அந்த டப்பாவில்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை மண்வெட்டியும் கத்தியுமாக நின்றோம். கோயில் காரியம் பார்க்கும் பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு நிதானமாகப் பேசினார்.

"செடி வெட்டறது, கழுவறது எல்லாம் வருசா வருசம் நாங்களே செய்யறதுதாம்மா. நீங்களும் வந்திருக்கீங்க, சந்தோசம், சேர்ந்து செய்வோம். அந்த மேல இருக்கற அரசங்கன்னுதான் எங்களுக்கு அடங்கல. ஆனா உங்ககிட்ட நாங்க கேக்கறது வேற. புள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. பேசத் தெரியுது. சாமி பேரு சுவத்துல எழுதியிருக்கு, படிக்கத் தெரியல."

ஒரு காலத்தில் அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்திருக்கிறது. அறுபதுகளின் நடுவில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது அது மூடப்பட்டது. அதில் கடைசியாகப் படித்தவர்கள்தான் இந்தப் பெரியவரின் வயதுக்காரர்கள். அவர்களுக்கு அடுத்த தலைமுறை தமிழ் பேசும், பர்மிய எழுத்தில் எழுதும். பெரிய ஊர்களில் கோயில்களையொட்டி வாரக் கடைசியில் தமிழ் வகுப்புகள் நடக்கின்றன. இந்த ஊருக்கு வந்து சொல்லிக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை.

குழு இரண்டாகப் பிரிந்தது. விமானத்து வேலையை எலக்ட்ரீஷியன் தம்பி பார்த்துக்கொண்டார். கட்டடத்தில் பிடித்த அரசை இழுத்துப் பிடுங்கக்கூடாது. வேரோடு செங்கல்லும் வந்துவிடும். தண்டை ஒட்ட வெட்டி, வெட்டுவாயில் துளை போட்டுக் கட்டிப் பெருங்காயத்தை அழுத்தி அடைத்து, மேலே சுண்ணாம்பு பூசிவிட வேண்டும். வேர் உள்ளேயே பட்டுப்போகும். இது எங்கள் ஊர்ப் பக்கத்துக் கொத்தனார்கள் சொல்லித் தந்த முறை. காரைக்குடியில் இருந்து பெருங்காயம் கட்டிக் கட்டியாகக் கொண்டுபோயிருந்தோம். விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்த்தவர்கள் வாசனைக்கு முகம் திருப்பினார்கள். சாரம் கட்ட மூங்கிலை ஊர்க்காரர்கள் வெட்டி வந்தார்கள். சிலையையும் கல்லையும் பெண்கள் புளியாலும் சாம்பலாலும் தேய்க்கிற பழக்கம் அங்கே மாறாமல் இருந்தது. நம் ஊரில் ஆசிட் ஊற்றிக் கல்லைக் கெடுக்கிற இடங்களைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் நாங்கள். அங்கே கல்லைத் தொட்டபோது மனசு குளிர்ந்தது.

நான் மண்டபத்தில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், பச்சைக் கைலியும் வெள்ளைச் சட்டையுமாக. டீச்சரைப் பர்மியப் பேச்சில் சயாமா என்பார்கள். எனக்கும் அதுவே பேராயிற்று. அவர்கள் கையில் ஆளுக்கொரு பாட்டு நோட்டு. வாங்கிப் பார்த்தால் முழுக்கப் பர்மிய எழுத்து. வட்டம் வட்டமாக அழகாக எழுதியிருந்தார்கள். படிக்கச் சொன்னேன். வந்தது திருப்புகழ், சந்தம் பிசகாமல். எழுதத் தெரியாத மொழியை வேறொரு மொழியின் எழுத்தில் ஏற்றி, கையிலிருந்து கைக்குப் படி எடுத்துப் படி எடுத்து, இரண்டு தலைமுறை அதைக் காப்பாற்றியிருக்கிறது. பிழைகள் இருந்தன. ஒலிக்குச் சரியான எழுத்து கிடைக்காத இடத்தில் பக்கத்து ஒலியை எழுதி, பாடும்போது மட்டும் சரியாகப் பாடினார்கள். காது எழுத்தைத் திருத்திக்கொண்டிருந்தது.

அரிச்சுவடியை எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பர்மிய எழுத்துக்கும் நம் எழுத்துக்கும் மூதாதை பிராமிதான். அவர்களுக்கும் க-வில் தொடங்கி ங-வில் முடியும் வர்க்கம் உண்டு, ச-வில் தொடங்கி ஞ-வில் முடியும் வர்க்கம் உண்டு. கரும்பலகையில் அவர்கள் வரிசையைப் பிள்ளைகளை விட்டே எழுதச் சொல்லி, பக்கத்தில் க, ங என்று எழுதினேன். பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பெண் எழுந்து, "நடுவுல மூணு எழுத்து காணோமே சயாமா" என்றாள். முதல் வகுப்பில் அப்படி ஒரு கேள்வி வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. தமிழில் ஒரே ககரம் இடத்துக்கேற்ப ஒலி மாறும் என்பதை அவள் வாயாலேயே சொல்ல வைத்தேன். கண், தங்கம், பகல். சொல்லிப் பார், நாக்கு தானாக மாறும். சொல்லிப் பார்த்தாள், சிரித்தாள். அந்த ஒரு கேள்வியில் மூன்று நாள் பாடம் நடந்துவிட்டது. பேசத் தெரிந்த பிள்ளைகளுக்கு எழுத்து ஏறுகிற வேகம் தனி. என் முப்பது வருடப் பள்ளி அனுபவத்தில் அப்படியொரு வகுப்பு எனக்கு அமைந்ததில்லை.

கரண்ட் கிடையாது. சூரியத் தகட்டில் ஏற்றிய பேட்டரி விளக்கு ஒன்றை மண்டபத்து உத்தரத்தில் கட்டினார்கள். பிள்ளைகளுக்குப் பின்னால் அம்மாக்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பாட்டிகள். யாரும் கூப்பிடவில்லை. ஒரு பாட்டி தரையில் விரலால் எழுதிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெற்றிலை எச்சிலைத் துப்பக்கூட எழுந்திருக்கவில்லை.

பெரியவர் ஒரு நாள் மத்தியானம் தன் குடும்பக் கதையைச் சொன்னார். நான் எந்த ஊர், எந்தக் குலம் என்று விசாரித்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து சொன்னார்.

"எங்க தாத்தாவுக்குப் பன்னெண்டு ஏக்கரா இருந்துச்சாம். கூலியா கப்பல்ல வந்து, காட்டை வெட்டி நெலமாக்கினது. நெல்லு வெல விழுந்த வருசம் வட்டி கட்ட முடியல. செட்டியாருக்குப் போயிருச்சு. அப்புறம் அதே நெலத்துல குத்தகைக்கு உழுதாரு."

கோபம் இல்லாமல்தான் சொன்னார். ஆனால் சொல்லாமல் விடவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

இந்தக் கணக்கு ஏட்டில் இருக்கிற கணக்குத்தான். 1930-ஐ ஒட்டிப் பர்மாவில் செட்டியார்கள் போட்டிருந்த முதல் 75 கோடி ரூபாய் என்று அன்றைய வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. வெள்ளைக்காரர் பேங்குகள் குடியானவனை ஏறெடுத்தும் பார்க்காத காலத்தில், கீழ்ப் பர்மாவின் சதுப்புக் காடு உலகத்துக்கு அரிசி அனுப்பும் வயலானதற்கு அந்த முதல்தான் காரணம். இதைச் சொல்லும் உரிமை எங்களுக்கு உண்டு. அடுத்ததையும் நாங்களே சொல்ல வேண்டும். முப்பதுகளின் மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது ஈடாக வைத்த நிலங்கள் நம்மவர் கைக்கு வந்தன. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த நிலம் 1937-ல் 25 சதவீதமாயிற்று. யாரும் ஏமாற்றி எழுதி வாங்கியதல்ல. நிலத்தைக் கேட்டதைவிடப் பணத்தைத்தான் கேட்டார்கள் என்று அப்பச்சி சொல்வார். இருந்தாலும் உழுதவனிடம் இருந்து நிலம் போனது போனதுதான். பர்மியக் குடியானவனும் இழந்தான், தமிழ்க் குடியானவனும் இழந்தான். நம் ஊர்ப் பேச்சில் பர்மா என்றால் நாம் விட்டுவிட்டு வந்தது மட்டுமே பேசப்படுகிறது. வீட்டுக்கு வீடு பழைய நிலப் பத்திரங்களைப் பெட்டியில் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. அந்தப் பத்திரத்தின் மறுபக்கத்தில் இருந்த குடும்பத்தை நான் அங்கேதான் பார்த்தேன்.

"அவ்வளவு நடந்தும் உங்க தாத்தா இந்தக் கோயிலுக்கு வந்தாரா ஐயா?" என்று கேட்டேன்.

"ஏன் வரமாட்டாரு? நெலம் செட்டியாருது. முருகன் செட்டியாருதா?"

செட்டியார்கள் போனபின் நிலம் இவர்களுடையதும் ஆகவில்லை, நாடும் முழுதாக இவர்களுடையது ஆகவில்லை. 1982 குடியுரிமைச் சட்டம் வந்தபோது, வெளியில் இருந்து வந்தவர்களின் வாரிசுகள் பலர் முழுக் குடிமக்கள் பட்டியலில் சேரவில்லை. முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை, மற்றவர்களுக்கு நீலம் அல்லது பச்சை. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு நிறம், தம்பிக்கு ஒரு நிறம் என்று அந்த ஊரில் பார்த்தேன். ஐந்து தலைமுறை உழுத மண்ணில் இவர்கள் இன்னும் வந்தவர்கள். அக்கம்பக்கத்துப் பர்மியர்கள் அப்படி நினைக்கிறார்களா என்றால், அந்த ஊரில் நான் கண்டவரை இல்லை. தைப்பூசத்தன்று காலையில் பக்கத்து ஊர்ப் பர்மியப் பெண்கள் தேங்காயும் வாழைச்சீப்பும் வைத்த தட்டோடு வந்து வரிசையில் நின்றார்கள். அவர்கள் வீட்டுப் பையன் ஒருவன் காவடி எடுத்தான். தமிழ் வீடுகளிலும் ஆண்பிள்ளைகளைச் சிறுவயதில் சில நாள் பௌத்த மடத்தில் துறவுக் கோலம் பூண வைக்கிறார்கள்.

கோயிலின் தெற்குச் சுவரில் ஒரு சலவைக்கல் பதித்திருந்தது. நம் கோயில்களில் எங்கும் பார்க்கிற கல்தான்: விலாசம், ஊர், இன்ன கட்டளைக்கு உபயம். திருவிழாவுக்கு முந்தின நாள் அதைப் பிள்ளைகள் புளி போட்டுத் தேய்த்து எழுத்தைத் தெரிய வைத்திருந்தார்கள். மூன்று எழுத்தைக் காணோம் என்று கேட்ட பெண் எழுத்துக் கூட்டிப் படிக்கிற நிலைக்கு வந்திருந்தாள்; அவள் நோட்டுக்கு வெளியே முதன்முதலாக அந்தக் கல்லைத்தான் படித்தாள். விலாசத்து எழுத்துகளில் தடுக்கி நின்றாள். அவை பெயரின் முதலெழுத்துகள், மூனா, ரூனா என்று படிக்க வேண்டும் என்றேன். படித்தாள். செட்டிநாட்டு ஊர்ப் பெயர் வந்தது, படித்தாள். எல்லாரும் பின்னால் நின்று கேட்டார்கள். படித்து முடித்ததும், "இதுல நம்ம ஊர்க்காரங்க பேரே இல்லியே" என்றான் ஒரு பொடியன்.

அவன் சும்மா கேட்டான். பெரியவர், "கட்டினவங்க பேருதாண்டா போடுவாங்க" என்று அவனை அடக்கினார். என்னால் அதோடு விட முடியவில்லை. கட்டியவர்கள் கோயிலை வைத்திருந்தது எத்தனை வருடம், பிடியரிசி போட்டவர்கள் வைத்திருப்பது எத்தனை வருடம்? கல்லுக்குச் செலவழிக்கும் பணம் எங்கள் ஊரில் எளிதாகச் சேரும். கும்பாபிஷேகம் என்று ஒரு வாட்ஸ்ஆப் செய்தி போட்டால் சிங்கப்பூரில் இருந்தும் மலேசியாவில் இருந்தும் ஒரே வாரத்தில் வந்து குவியும். ஓர் ஆசிரியருக்கு ஆறு மாதச் சம்பளம் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். மதுரைக்கும் சென்னைக்கும் அலைந்து பேசியிருக்கிறேன். கோயில் இருந்தால் எழுத்து தானாக வரும் என்கிறார்கள். வரவில்லை, அந்த ஊரில் கோயில் இருந்தது, எழுத்து போய்விட்டது. இப்போதும் அங்கே கோயிலைத் தாங்குவது அந்தப் பாட்டு நோட்டுதான், கல் அல்ல. வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் போகிறோம் என்று கிளம்புகிற நம்மவர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: போகுமுன் அந்த ஊர்க்காரரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். சுண்ணாம்பும் பெயிண்டும் அவர்கள் பட்டியலில் கடைசியில்தான் இருக்கும்.

கிளம்பும் நாளில், முதல் நாள் பிடியரிசி போடப் பார்த்த அந்த வீட்டு மருமகள் ஒரு பொட்டலம் கொடுத்தாள், வழிக்குச் சோறு. அப்பச்சியைப் பற்றி அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. வாங்கும்போது கை நடுங்கியது.

ஊர் திரும்பியதும் தமிழ்நாட்டு ஒன்றாம் வகுப்புப் பாடநூல்களையும் தமிழ் இணையக் கல்விக்கழகம் அயலகப் பிள்ளைகளுக்காகத் தயாரித்த பாடங்களையும் திரட்டி, வருகிற போகிறவர் கையில் கொடுத்தனுப்பினோம். மறுமுறையும் போய்வந்தேன். அதற்குள் கொரோனா. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிள்ளைகளோடு செல்போனில் நடத்தி வந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு பலமுறை அறுந்தது. இணையத்தை நிறுத்திவிடுவார்கள், பல வாரம் சத்தமே இருக்காது. 2024-ல் கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபின் வகுப்பில் இருந்த பையன்களில் சிலர் தாய்லாந்துப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள். 2025 மார்ச்சில் மாண்டலேயில் பெருஞ்சேதம் விளைவித்த நிலநடுக்கம் அந்த ஊரையும் ஆட்டியது. பதில் வரும்வரை நான் படுக்கவில்லை. விமானத்தில் ஒரு விரிசல், வேறொன்றும் இல்லை என்று எழுதினார்கள். தமிழில் எழுதினார்கள்.

மூன்று எழுத்தைக் காணோம் என்று கேட்ட பெண் இப்போது பெகுவில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். விடுமுறையில் ஊருக்குப் போய் அதே மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாள். அவளுக்கு ஊர் சம்பளம் கொடுக்கிறது: மாதத்துக்குப் பதினாறு டப்பா அரிசி, கோயில் அரிசியில் இருந்து. போன மாதம் மூன்றாம் வகுப்புப் புத்தகம் கேட்டிருந்தாள். கோப்பாக அனுப்பினேன், பெகுவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பக்கம் பக்கமாக எடுத்து நூல் கோத்துத் தைத்துக்கொண்டார்களாம். ஒரு பக்கத்தில் மை சரியாக விழவில்லை, அதை மட்டும் மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.